ஏற்றுக்கூலி

கோலார் தங்கவயலைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தங்கத்தைத்தான் எடை போடுகிறார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடியது வரை சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள் என்பார்கள். சரிதான். அந்தத் தங்கத்துக்காக மேலே கொண்டுவந்து, இடித்து, பொடியாக்கி, சயனைடில் ஊறவைத்துக் கொட்டிய பாறை மூன்று கோடி டன்னுக்கு மேல் இன்னும் ஊருக்குள்ளேயே கிடக்கிறது. சயனைடு மேடு என்கிறோம். ஆடி மாதக் காற்றில் அந்தப் பொடி சோற்றுத் தட்டு வரைக்கும் வரும்.

நான் கம்ப்ரசர் ஹவுஸில் வேலை பார்த்தவன். தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து அண்டர்கிரவுண்டில் டிரில் பிடித்தார். அப்பாவும் அப்படியே. எனக்கு மட்டும் மேலே வேலை கிடைத்தது. தங்கத்தை நான் சுரங்கத்தில் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. என் கணக்கில் எங்கள் ஊரின் வரலாறு என்பது எடையை மேலே ஏற்றிய வரலாறுதான். கீழே போவதற்கு யாரும் காசு கேட்பதில்லை, பூமியே இழுத்துக்கொள்ளும். மேலே வருவதற்குத்தான் கூலி. அந்தக் கூலியை விறகு கொடுத்திருக்கிறது, நிலக்கரி கொடுத்திருக்கிறது, காவேரி கொடுத்திருக்கிறது, எங்கள் ஆட்களின் தோளும் நுரையீரலும் கொடுத்திருக்கின்றன. கொடுக்காமல் ஒரு கூடைக் கல்கூட மேலே வந்ததில்லை. சும்மாவே ஏற்றிவிடலாம் என்று ஒரு யோசனை அவ்வப்போது யார் மூளையிலாவது முளைக்கும். இப்போது சுரங்கத்துக்குள் தண்ணீர் நிற்கிறது என்பதால் அது மிதவை, டிரம், சங்கிலி என்று வருகிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் ஏற்றிய கதையைச் சொல்லாமல் அதைச் சொன்னால் எங்கள் ஊர்க்காரனுக்கே புரியாது.

கம்பெனிக்கு முன்னாலும் இங்கே தோண்டினார்கள். 1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் இங்கே தங்கம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண் முன்னே அலசிக் காட்டினார்கள். தங்கவயலின் மாரிகுப்பத்தில் குழிக்குள் வெவ்வேறு படிகளில் ஆட்கள் நின்று கல்லைக் கூடையில் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பியதை அவர் எழுதிவைத்திருக்கிறார். மேலே பெண்கள் அதை வாங்கி இடித்தார்கள். அந்தப் பழைய குழிகள் ஒரு ஆழத்துக்குக் கீழே போகாமல் நின்றதற்குத் தங்கம் தீர்ந்தது காரணமில்லை. கைக்கூடையாலும் ஏற்றத்தாலும் கல்லையும் தண்ணீரையும் அதற்கு மேல் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஏற்றத்தில் ஆள் மரத்தின் மேல் நடந்து இறங்க, சால் மேலே வரும். பார்ப்பதற்கு அவன் நடை சும்மா நடை மாதிரித் தெரியும். மறுபடி மறுமுனைக்கு ஏறி வருகிறானே, அந்த ஏற்றம்தான் சாலுக்குக் கொடுத்த கூலி.

ஜான் டெய்லர் கம்பெனிக்காரர்கள் மைசூர் மைனில் 1883 வாக்கில் சாம்பியன் லோட் என்ற தங்க ரேகையைப் பிடித்த பிறகு நீராவி வந்தது. பாய்லருக்கு முதலில் விறகு. சுற்றுவட்டாரக் காடு அடுப்புக்குள் போயிற்று. 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு ரயில் கிளை வந்ததும் நிலக்கரி. (பவுரிங்பேட்டை என்பது இன்றைய பங்காருப்பேட்டை.) தூரத்திலிருந்து வண்டி வண்டியாக வரும் நிலக்கரிக்கு விலை அதிகம். ஆழம் போகப் போகச் செலவும் ஏறியது.

அந்த நேரத்தில்தான் காவேரி உள்ளே வருகிறது. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், இன்ஜினியர் ஜோலி டி லோட்பினியர் போட்ட திட்டம். சிவசமுத்திரத்தில் காவேரி ஏறத்தாழ 400 அடி விழுகிறது. அங்கே சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் டர்பைன், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஜெனரேட்டர். யானையும் மாட்டு வண்டியுமாக இழுத்துக் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கிருந்து எங்கள் ஊருக்கு 92 மைல் கம்பி, 35,000 வோல்ட், 25 சைக்கிள். உலகத்திலேயே நீளமான மின்கம்பி வழிகளில் ஒன்றாக அன்றைக்கு அது பேசப்பட்டது. 1902 ஜூன் மாதக் கடைசியில் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்கவில்லை. முந்தின ஆண்டே இறந்துவிட்டார். பெங்களூரில் மின்சாரத் தெருவிளக்கு எரிந்தது 1905இல். தலைநகரத்துக்கு முன்னால் பாறைக்கு மின்சாரம் கொடுத்த அரசாங்கம் அது. ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசி, கம்பெனியிடம் காசு வாங்கினார்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. சிவசமுத்திரத்தில் விழுகிற தண்ணீர் சுமார் 120 மீட்டர் இறங்குகிறது. எங்கள் ஷாஃப்டில், அதாவது சுரங்கத்தின் செங்குத்துக் குழியில், ஒரு டன் பாறை ஒரு கிலோமீட்டர் ஏற வேண்டும். அப்படியானால் அங்கே குறைந்தது எட்டு டன் காவேரி விழுந்தால்தான் இங்கே ஒரு டன் பாறை ஏறும். டர்பைனிலும் கம்பியிலும் மோட்டாரிலும் போகிற நஷ்டத்தைச் சேர்த்தால் பத்து, பன்னிரண்டு டன். சாம்பியன் ரீஃப் மைன் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை போயிற்று. அந்த அடிமட்டத்திலிருந்து ஒரு டன் கல் மேலே வர, நஷ்டமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 27 டன் காவேரி விழ வேண்டும். கடைசிக் காலத்தில் அந்த ஒரு டன் கல்லில் இருந்த தங்கம் மூன்று கிராம் அளவுதான். இது தூக்குகிற செலவு மட்டும். காற்று, குளிர்ச்சி, பம்ப், மில் எல்லாம் தனி.

காவேரி மட்டும் எப்படி ஓயாமல் விழுகிறது என்று கேட்கலாம். விழவில்லையே! கோடையில் ஆறு இளைத்தால் சிவசமுத்திரத்தில் உற்பத்தி குறையும், சுரங்கத்துக்கு வருவதும் குறையும். குடகு மலைக்கு அந்தத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போவது வெயில். கடலிலிருந்து ஆவியாக்கி மேகமாக்கி மலையில் கொட்டுகிறது. அந்தக் கூலிக்காரன் ஆண்டுக்குச் சில மாதம்தான் நன்றாக வேலை செய்கிறான். அதனால் மழைத் தண்ணீரைத் தேக்கிவைத்து ஆண்டு முழுவதும் விட வேண்டியிருந்தது. 1911இல் விசுவேசுவரய்யா கிருஷ்ணராஜ சாகர் அணையைத் தொடங்கியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று தங்கவயலுக்குத் தடையில்லாத மின்சாரம். அந்த அணையின் உயரம்தான் மைசூருக்கும் மதராசுக்கும் வழக்காகி, நடுவர் தீர்ப்பாகி, 1924 ஒப்பந்தத்தில் போய் நின்றது. காவேரித் தகராறு பற்றித் தமிழ்நாட்டில் பேசுகிற யாரும் எங்கள் ஷாஃப்டைச் சொல்வதில்லை. தஞ்சாவூர் நெல்லுக்கும் மாரிகுப்பம் கல்லுக்கும் ஒரே ஆறுதான் படியளந்தது.

கேஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேஜ் என்பது ஷாஃப்டில் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புப் பெட்டி. கல் ஏற்றுவது ஸ்கிப். எப்போதும் ஜோடியாகத்தான் இருக்கும். ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். ஒரே டிரம்மில் இரண்டு கயிறும் எதிரெதிராகச் சுற்றியிருக்கும். ஏன் ஜோடி என்றால், காலிக் கேஜின் எடை காலிக் கேஜால் சமமாகிவிடும். உள்ளே இருக்கிற சுமைக்கு மட்டும் வைண்டிங் என்ஜின் கூலி கொடுத்தால் போதும். ஆனால் ஆழமான ஷாஃப்டில் கயிறே பல டன். தொடக்கத்தில் கீழே தொங்குகிற பக்கம் கனம், மேலே இருக்கிற பக்கம் லேசு, பாதி வழியில் சமம், பிறகு தலைகீழ். வைண்டிங் டிரைவர் முன்னால் ஆழம் காட்டும் முள் மெல்ல நகரும், அவர் கை பிரேக்கிலேயே இருக்கும். அவர்களிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். நன்றாகக் கட்டின ஜோடிக் கேஜ், எண்ணெய் போட்ட சக்கரம், எல்லாம் சமம். அப்போதும் மோட்டாரை நிறுத்தினால் கேஜ் தானாக ஓடாது. சமமாக இருப்பது வேறு, ஓடுவது வேறு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டிரம் கதைக்கு இது வேண்டும்.

என் பகுதி காற்று. கீழே டிரில் எல்லாம் அழுத்தின காற்றில் ஓடியது. அங்கே பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல். டிரில்லிலிருந்து வெளிவருகிற காற்று ஆளுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியும் கொடுக்கும். அந்தக் காற்றை மேலே நாங்கள் சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு சுமாருக்கு அழுத்தி அனுப்புவோம். அழுத்தும்போது காற்று கொதிக்கும். கூலிங் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போய் வானத்தில் விடும். அந்தச் சூடு அத்தனையும் கரண்ட் பில். பிறகு குழாயில் கசிவு, வளைவில் நஷ்டம். நாம் கொடுத்த மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் டிரில்லின் முனையில் அடியாக விழும். சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காற்றுக்கு என்ன விலை என்று சிரித்தவர்கள் உண்டு. கம்ப்ரசர் ஹவுஸ் மீட்டரைக் காட்டினால் சிரிப்பு நின்றுவிடும்.

தண்ணீருக்கும் இதே கணக்குத்தான். எங்கள் சுரங்கத்தில் தண்ணீர் மேல் மட்டங்களில்தான் ஊறும். அடி மட்டம் காய்ந்த சூடு. மேலே ஊறுகிற தண்ணீரை மேலேயே மடக்கி அங்கிருந்தே பம்ப் அடிப்பார்கள். கீழே விழவிட்டால் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் திரும்பக் காசு கொடுத்துத் தூக்க வேண்டும். 1956இல் மைசூர் அரசாங்கம் சுரங்கத்தை எடுத்தபோதும், 1962இல் மத்திய அரசுக்குப் போனபோதும், 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனபோதும் போர்டு மாறியது, பம்ப் நிற்கவில்லை. 2001இல் மூடிய பிறகு அதுவும் நின்றது. தண்ணீர் ஏறத் தொடங்கியது.

அந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான் பக்கத்து லைன் வீட்டுப் பையன் ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். டிப்ளமோ படித்தவன். விடியலில் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிற ஆயிரக்கணக்கான பேரில் ஒருவன். படம் அழகாகப் போட்டிருந்தான். ஷாஃப்ட் முழுக்கத் தண்ணீர், அதற்குள் முடிவில்லாத சங்கிலி, சங்கிலியில் வரிசையாக டிரம்.

“மாமா, அடியில டிரம்முல காத்து அடைச்சா தானா மேல வரும். மேல வந்ததும் காத்தத் தொறந்துட்டா தண்ணி புகுந்து தானா கீழ போவும். சங்கிலி சுத்திக்கினே இருக்கும். ஜெனரேட்டர் மாட்டிட்டா ஊருக்கே கரண்ட்.”

“அடியில காத்த யாருப்பா அடைக்கிறது?”

“கம்ப்ரசர் வெச்சு.”

“அதுக்குக் கரண்ட்?”

“இதுலேர்ந்தே எடுத்துக்கலாம் மாமா. மிச்சந்தான் ஊருக்கு.”

மிச்சம் எவ்வளவு என்று இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டோம். 200 லிட்டர் டிரம். தண்ணீருக்குள் அதன் மிதப்பு 200 கிலோ. டிரம்மின் சொந்த எடையைக் கழிக்கவில்லை, அவனுக்குச் சாதகமாகவே வைத்துக்கொண்டேன். ஒரு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்தால் அது கொடுக்கக்கூடிய வேலை அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு சீலிங் ஃபேன் ஏழு மணி நேரம் ஓடும். ஒரு கிலோமீட்டர் ஏறி வந்ததற்கு அவ்வளவுதான். அவன் முகம் அப்போதே கொஞ்சம் வாடியது.

இப்போது அடிக்கு வருவோம். நான் 90 பவுண்டில் காற்று அனுப்பினேன் என்றேனே, அந்தக் காற்றைத் தண்ணீருக்குள் குழாய் வழியாக இறக்கினால் 63 மீட்டர் ஆழம் வரைதான் தண்ணீரைத் தள்ளி வெளியே வரும். அதற்குக் கீழே தண்ணீர்தான் குழாய்க்குள் ஏறும். ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டைத் தாண்டும். அந்த அழுத்தத்தில் ஒரு டிரம் நிறையக் காற்றை அடைக்க, சூட்டில் ஒரு துளி நஷ்டம் இல்லாத கம்ப்ரசராக இருந்தாலும், இரண்டரை யூனிட் வேண்டும். உண்மையான கம்ப்ரசர் அதைவிட நிறையத் தின்னும். கொடுத்தது இரண்டரை, வந்தது அரை. மீதி எங்கே போயிற்று? டிரம் ஏற ஏற உள்ளே இருக்கிற காற்று விரியும்; இடம் போதாமல் அடிவாய் வழியாகக் குமிழாக வெளியேறும். அந்தக் குமிழோடு போயிற்று. விரிந்துகொடுக்கும் ரப்பர் பை ஒன்றில் அந்தக் காற்றை முழுவதும் பிடித்து வைத்தால் கொடுத்ததை அப்படியே திரும்ப வாங்கலாம், அதுவும் காகிதத்தில்தான். ஒரு பைசா அதிகம் வராது.

அடுத்த வாரம் வேறு படத்தோடு வந்தான். இந்தத் தடவை கம்ப்ரசரே இல்லை. பக்கத்தில் தண்ணீர் இல்லாத ஷாஃப்ட் ஒன்று. மூடின டிரம் அதில் தன் எடையால் இறங்கும். அடியில் ஒரு கதவு வழியாகத் தண்ணீர் ஷாஃப்டுக்குள் நுழையும். மிதந்து மேலே வரும். கெட்டிக்காரப் பையன். இந்த எந்திரத்தைக் கனவு கண்டவர்கள் பல பேர் கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். சாதாரண டிரம் அந்த ஆழத்தில் சப்பளிந்துபோகும் என்பதையெல்லாம் நான் சொல்லவில்லை. அது இரும்பின் குறை, கெட்டியான டிரம் செய்துவிடலாம். கதவைத்தான் கேட்டேன். டிரம் உள்ளே நுழைய வேண்டுமானால் அது பிடிக்கிற இடத்தில் இருக்கிற 200 லிட்டர் தண்ணீர் எங்காவது போக வேண்டும். ஷாஃப்டின் சுற்றுச்சுவர் பாறை. கீழே பாறை. போக இடம் மேலே ஒன்றுதான். அடியில் டிரம்மைத் தள்ளும்போது உச்சியில் தண்ணீர் மட்டம் 200 லிட்டர் அளவுக்கு உயர்கிறது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 200 கிலோ தண்ணீரைத் தூக்கிவிட்டுத்தான் டிரம் உள்ளே வருகிறது. டிரம் ஏறும்போது கொடுக்கப்போவதும் அதே 200 கிலோ, அதே ஒரு கிலோமீட்டர். கதவிலேயே மொத்தக் கூலியும் முன்பணமாகப் போய்விட்டது. எந்த ஆழத்துக்கும் எந்த டிரம்முக்கும் கணக்கு இப்படியேதான் நிற்கும். ஆழத்தைக் கூட்டினால் வரவும் செலவும் சேர்ந்தே கூடும்.

இதை இன்னொரு வழியில் பார்த்தால் கேஜ்காரர்களுக்கு உடனே புரியும். மிதவை தானாக ஏறவில்லை. அது ஒரு அடி ஏறினால் அதன் அளவு தண்ணீர் ஒரு அடி இறங்குகிறது. ஏறுகிற கேஜ் டிரம். இறங்குகிற கேஜ் தண்ணீர். இறங்குகிறது கண்ணுக்குத் தெரியாததால் ஏறுகிறது மட்டும் மாயம் மாதிரித் தெரிகிறது. இறங்கின கேஜை மறுபடி மேலே கொண்டுபோகாமல் அடுத்த நடை கிடையாது.

பாதிச் சக்கரத்தைத் தண்ணீருக்குள்ளும் பாதியை வெளியிலும் வைத்து, தண்ணீர்ப் பக்கம் மிதப்பதால் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று ஒரு படமும் உண்டு. தண்ணீர் எந்த மேற்பரப்பையும் நேர் செங்குத்தாகத்தான் அழுத்தும். வட்டமான சக்கரத்தின் விளிம்பில் செங்குத்து என்றால் அது அச்சை நோக்கிய அழுத்தம். அச்சை நோக்கி எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் சுற்றாது, பேரிங்தான் தேயும்.

ஹாலந்துப் பக்கத்து சைமன் ஸ்டெவின் 1586இலேயே இந்தக் கதவைச் சாத்திவிட்டார். தண்ணீருக்குள் இருக்கிற ஒரு பகுதித் தண்ணீர் தன் இடத்தில் அசையாமல் நிற்கிறது என்பதை நிரூபிக்க அவர் காட்டிய வழி வேடிக்கையானது. அது நிற்கவில்லை என்றால் நகரும், அதன் இடத்துக்கு வருகிற தண்ணீரும் அதே காரணத்தால் நகரும், அப்புறம் குளத்துத் தண்ணீர் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அது அபத்தம், ஆகவே நிற்கிறது. ஓயாத இயக்கம் கிடையாது என்பதைத் தரையாக வைத்து அதன் மேல் நீரியலைக் கட்டினார். ஆகவே நீரியலின் விதிகளை வைத்து ஓயாத இயக்கத்தைக் கட்டப் பார்ப்பவன் தன் காலடித் தரையையே தோண்டுகிறான். பாரிஸ் அறிவியல் கழகம் 1775இல் இனி இப்படிப்பட்ட எந்திரங்களைப் பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்தது. ஆற்றலை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது என்ற விதி தெளிவாக எழுதப்பட்டது அதற்குப் பிறகு, 1840களில்தான். அனுபவம் முன்னால் போயிற்று, சூத்திரம் பின்னால் வந்தது.

நம் பக்கத்திலும் இந்தக் கனவுக்கு வயது அதிகம். பிரம்மகுப்தர் 628இலும் பாஸ்கரர் 1150 வாக்கிலும் ஒரு சக்கரத்தை எழுதிவைத்தார்கள். ஆரக்கால்கள் உள்ளீடற்ற குழாய்கள்; அவற்றில் பாதி பாதரசம்; ஒரு தரம் சுழற்றிவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று. முன்னோர் அன்றே கண்டுபிடித்தார்கள் என்று இதைப் பகிர்கிறவர்கள், அது ஓடியதா என்பதை மட்டும் கேட்பதில்லை. பாஸ்கரர் பெரிய கணித மேதை; அதற்காக இந்தச் சக்கரமும் ஓடிவிடாது. எங்கள் மில்லில் தங்கத்தைப் பிடிக்க பாதரசம் பூசின செம்புத் தகடுகள் இருந்தன. அதைப் பார்த்தவனுக்குப் பாதரசத்தில் மாயம் எதுவும் இருந்ததாகத் தெரியாது. கனமான திரவம், இரும்பு அதில் மிதக்கும், தங்கம் அதிலும் மூழ்கும். மிதப்பதும் மூழ்குவதும் எடைக் கணக்கு.

ஓயாமை என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் வேறொரு பரிசோதனையும் நடந்தது. சாம்பியன் ரீஃப் மைனில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். பிறகு 1980களில் அங்கேயே 140 டன் இரும்பை அடுக்கிவைத்து, புரோட்டான் என்கிற துகள் ஓயாமல் நிலைத்திருக்குமா, என்றைக்காவது சிதைகிறதா என்று காத்திருந்தார்கள். உறுதியான விடை கிடைக்கவில்லை. அந்த 140 டன்னும் கேஜில்தான் இறங்கியது.

மிதப்பை வைத்து எடை தூக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கோலார் ஜில்லாவிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் ஆயிரம் அடி போர் போடுகிற விவசாயிகள் பல காலம் செய்தது அதுதான். கம்ப்ரசர் மோட்டார் வைத்து, குழாய்க்குள் காற்றை இறக்கினால், குமிழ் கலந்த தண்ணீர் லேசாகி மேலே வரும். போருக்குள் அசையும் பாகம் எதுவும் கிடையாது, மணலால் கெட்டுப்போக ஒன்றுமில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் சப்மெர்சிபிள் மோட்டாரைவிடக் கரண்ட் அதிகம் எடுக்கும் என்பது அந்த விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். மிதப்பு கூலியைச் சுமந்துகொண்டு போய்க் கொடுக்கும், தானாக உண்டாக்காது.

அந்தப் பையன் இப்போது படம் வரைவதில்லை. சோலார் பேனல் மாட்டுகிற வேலை பார்க்கிறான். அது நல்லது. வெயில் உண்மையிலேயே கூலி கொடுக்கிற ஆள். என் கவலை அவனைப் பற்றி இல்லை. இதே படத்தைப் பளபளப்பான தாளில் அச்சடித்து, எரிபொருள் வேண்டாத மின்நிலையம் என்று சொல்லி முன்பணம் வாங்க வருகிறவர்களைப் பற்றித்தான். ரிட்டயர் ஆன பணம் வங்கியில் இருக்கிற ஊர்களாகப் பார்த்து வருவார்கள். இந்திய காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 3, உட்பிரிவு (அ): இயற்கையின் உறுதிப்பட்ட விதிகளுக்கு வெளிப்படையாக முரணான எதற்கும் காப்புரிமை கிடையாது. ஆகவே முதலில் காப்புரிமை எண்ணைக் கேளுங்கள். பிறகு, மேலே சுற்றுகிற சக்கரத்தைப் பார்க்காதீர்கள். அடியில் டிரம் உள்ளே நுழைகிற இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே ஒரு மீட்டர் மாட்டி, அது எவ்வளவு கரண்ட் எடுக்கிறதென்று உங்கள் கண் முன்னே அளந்து காட்டச் சொல்லுங்கள். காட்டும் வரை பணம் கொடுக்காதீர்கள்.